ஓட்டக்காரனின் படம்

"அந்தப் படத்த மொதல்ல கழட்டுலா" என்றார் செல்லையா கிராணி.

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அவர்; தோட்டத்து விளையாட்டு மன்றத்துக்கும் அவர்தான் தலைவர். பயிற்சியாளர் வீரப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினான். சுவரில் சின்னையா ஓடிக்கொண்டிருந்தான். குவாந்தானில் ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தில் நாடாவை நெஞ்சால் அறுத்தபோது எடுத்த படம். அன்று அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பிரிஞ்சாங் கடைத்தெருவைச் சுற்றி வந்தவர்களில் பாதிப்பேர் இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையிலும் வந்திருந்தார்கள், அவனைக் கீழே இறக்க.

1979ஆம் வருஷம் அது. முந்தின நாள் தமிழ்ப் பத்திரிகையில் நாலு வரிச் செய்தி. பகாங் மாநிலத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து லண்டனில் நர்ஸ் பயிற்சி பெறும் ஓட்டக்காரர் ஒருவர், தான் ஆண்களையே விரும்புகிறவன் என்று அங்குள்ள பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்திருக்கிறார். குடும்ப மானத்தைக் கருதிப் பெயரை வெளியிடவில்லை என்று பெருந்தன்மையோடு முடித்திருந்தார்கள்.

பெயர் எதற்கு? லண்டனில் ஓடும் தோட்டத்துப் பையன் என்றால் கேமரன் மலையில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

மன்றத்தில் ஆளுக்கொரு ஞாபகம் வந்தது. அவன் ஓடும்போதே நடை ஒரு மாதிரி இருக்கும் என்றார் ஒருவர். அவர் எந்தப் போட்டியையும் பார்த்தவர் இல்லை. அவன் வாங்கிய வெற்றிக் கோப்பையில் தன் மகன் பால் குடித்ததை நினைத்து இன்னொருவர் வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்தார். சின்னையாவை உருவாக்கியதே நான்தான் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த வீரப்பன், அவன் என் பேச்சைக் கேட்டதே கிடையாது என்று படத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

கிராணியின் மகன் நாகரத்தினமும் சின்னையாவோடுதான் லண்டன் போயிருந்தான். ஒரே நர்ஸ் பயிற்சி, ஒரே விடுதி, ஒரே ஓட்டக் குழு. இங்கே இருந்தபோதும் சின்னையாவுக்கு நாலு அடி பின்னால்தான் எப்போதும் ஓடி வருவான். அது கிராணிக்கு நெடுநாள் வருத்தம். இன்று அந்த வருத்தமெல்லாம் தீர்ந்துவிட்ட முகத்தோடு, மகனை உடனே வேறு விடுதிக்கு மாறச் சொல்லித் தந்தி அடித்துவிட்டதாக அறிவித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அப்போதுதான் வடிவம்மாள் வந்தாள். சின்னையாவின் அம்மா. புருஷன் இறந்த பிறகு கொழுந்து பறித்தே மகனை வளர்த்தவள். மலைச்சரிவில் ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. காலில் விழத்தான் வந்திருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"கிராணி ஐயா, ஒங்ககிட்ட தனியா ஒரு வார்த்த பேசணும்."

"தனியா பேச என்னம்மா இருக்கு? ஊரே சிரிக்குது. எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லு."

அவள் தயங்கினாள். அவர் வீட்டுக்குப் போய் ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து பேசலாமே என்று தாழ்ந்த குரலில் கேட்டுப் பார்த்தாள். கிராணி சபையைச் சுற்றி ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இப்படி ஒரு புள்ளயப் பெத்துட்டு எப்படிம்மா தலை நிமிந்து நடக்குற? எம்புள்ள மட்டும் இந்த வார்த்தையச் சொல்லியிருந்தான்னு வையி, செத்துட்டான்னு பதினாறாம் நாள் காரியமும் பண்ணி முடிச்சிருப்பேன். வாசப்படி மிதிச்சா வெட்டிப் போட்டிருப்பேன்."

சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது. வாய்ச்சவடால் இல்லை, மெய்யாகவே செய்யக்கூடியவர் என்பது கேட்டவர்களுக்குப் புரிந்தது.

வடிவம்மாள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரிங்க ஐயா" என்றாள். "படத்தக் கழட்டிட்டீங்க. ஜெயிச்சவங்க பலகையில அவன் பேரு இருக்கு, அதையும் சொரண்டிருங்க. கோப்பையக் கொண்டாந்து குடுத்துடுறேன். ஆனா அவன் ஓடுன ஓட்டம் ஓடுனதுதான். அத ஒங்களால சொரண்ட முடியாது."

"திமிரப் பாத்தியா" என்றான் வீரப்பன்.

"சொல்ல வந்ததச் சொல்லாமப் போறியே" என்று கிராணி பின்னாலிருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க" என்று அவள் இறங்கி நடந்தாள்.

திங்கட்கிழமை காலை கொழுந்துக் காட்டில் அவளுக்கு இரண்டு பக்கமும் இருந்த பெண்கள் நிரையை மாற்றிக்கொண்டு தள்ளிப் போனார்கள். குழாயடியில் அவள் குடத்தை எடுத்த பிறகு ஒருத்தி குழாயைக் கழுவினாள். கிராணி தன் கையாலேயே பலகையில் சின்னையாவின் பெயரைச் சுரண்டினார் என்றும், அப்போது அவர் சின்னதாக ஒரு பாட்டு முனகினார் என்றும் கேள்விப்பட்டாள். வேலையை முடித்து வீடு திரும்பினாள்.

விளக்கு வைப்பதற்கு முன்பே வாசலில் உட்கார்ந்து, மூன்றாம் வகுப்புப் படிப்பின் கோணல் எழுத்தில் மகனுக்குக் கடிதம் எழுதினாள்.

"அன்புள்ள சின்னையாவுக்கு அம்மா எழுதுவது. படத்தைக் கழற்றிவிட்டார்கள், நீ அதற்காகக் கவலைப்படாதே, விடாமல் ஓடு. நீயும் அவனும் எழுதிக் கேட்டபடி கிராணியிடம் பக்குவமாகச் சொல்லத்தான் போனேன், வாய் வரவில்லை. பேப்பர்காரனிடம் பேசியது நீ என்றே இவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நாகரத்தினத்தை அழ வேண்டாம் என்று சொல், ஊருக்கு வந்தால் அவன் அப்பா வீட்டுக்குப் போகாமல் நேரே நம் வீட்டுக்கு வரட்டும்."