பேர் வெட்டிய ஏனங்கள்

“‘இருந்த ஏனத்தையெல்லாம் கோயிலுக்குத் தூக்கிக் குடுத்துட்டு, இப்பக் குழம்பு வைக்கச் சட்டி இல்லேங்குற’ன்னு என்னைக் கேக்குறீகளே, உங்க தங்கச்சி பெட்டியைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டீகளா?”

கணவர் சொன்னதை அட்சரம் பிசகாமல், அவர் இழுத்த ராகத்தோடு அவருக்கே திருப்பிச் சொன்னாள் சவரியாயி. வெள்ளைத்துரை சட்டையை மாட்டிக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார்.

சவரியாயி எட்டாம் வகுப்புவரை கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். ஒரு வருஷமாகக் கை படாத சாமான் வீட்டில் இருந்தால் அது நம்முடையது அல்ல, இல்லாதவனுடையது என்று மதர் சொன்னது ஞான உபதேசத்தோடு சேர்ந்து மனப்பாடம் ஆகியிருந்தது. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் பிறந்தால் போதும், பழங்காநத்தத்து வீட்டைப் பரண் முதல் அடுப்படி வரை கவிழ்த்துக் கொட்டுவாள். கிழிந்த பாய், கால் ஆடுகிற முக்காலி, நசுங்கினது, உள்ளே பூசின ஈயம் போனது எல்லாம் சாக்கில் ஏறும். ஏழைகளுக்கென்று மாதா கோயிலுக்குப் போய்விடும். வீடு பீடம் மாதிரி துப்புரவாகிவிடும்.

செல்லத்தாயின் பெட்டி மட்டும்தான் பாக்கி.

செல்லத்தாய் வெள்ளைத்துரையின் தங்கை. புருஷன் இறந்து பதினோரு வருஷம், பிள்ளை கிடையாது. அண்ணன் வீட்டில் ஒரு மூலையில் அவளும் அந்தப் பெரிய மரப்பெட்டியும். உள்ளே கல்யாணச் சீராக வந்த பாத்திரங்கள் இருப்பதாகச் சொல்வாள். அதில் பாதியைக் கோயிலுக்குக் கொடுத்தால் என்ன என்று சவரியாயி வருஷா வருஷம் கேட்பாள். “இருக்கட்டும் மதினி” என்பதற்கு மேல் பதில் வராது.

“பதினோரு வருசமா அதுல எறும்பா பொங்கித் திங்குது?”

“இருக்கட்டும் மதினி.”

அன்று வெள்ளிக்கிழமை. செல்லத்தாய் கோயிலுக்குச் சிலுவைப்பாதை செபத்துக்குக் கிளம்பினாள். தலைவலி என்று சவரியாயி நின்றுகொண்டாள். தலைவலி தெருக்கதவைச் சாத்தும் வரைக்கும்தான் இருந்தது. பெட்டிக்குப் பூட்டுக்கூட இல்லை.

உள்ளே சீர்ப் பாத்திரம் ஒன்றும் இல்லை. போன வருஷம் கோயிலுக்குக் கொடுத்த தவலை இருந்தது. அதற்கு முந்தின வருஷம் கொடுத்த குண்டான் இருந்தது. அடியில் இன்னும் ஏழெட்டு. ஒவ்வொன்றின் கழுத்திலும் ‘வெ. சவரியாயி’ என்று புள்ளி புள்ளியாக வெட்டிய பேர்.

செல்லத்தாய் முக்காட்டோடு திரும்பி வந்தபோது, குண்டான் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தது.

“ஏழைக்குக் குடுத்ததைத் திருடுறதுக்குத்தான் வெள்ளிக்கு வெள்ளி முழங்கால் போடுறியா?”

செல்லத்தாய் “சாமியார்கிட்ட மட்டும் கொண்டுபோயிராதீக மதினி” என்றாள்.

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? திருடிக்கு இந்த வீட்டில் இடமில்லை, விளக்கு வைக்கிறதுக்குள் துணியைக் கட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விடு என்று சொல்லிவிட்டு, குண்டானை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள் சவரியாயி. போவதற்குச் செல்லத்தாய்க்கு ஓர் இடமும் கிடையாது என்பது தெருவுக்கே தெரியும். சவரியாயிக்கும் தெரியும்.

பங்குச் சாமியார் அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். கோயிலைப் பெருக்கி மணியடிக்கிற கோயில்பிள்ளை தவசிதான் இருந்தார். குண்டானைக் கண்டதும் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

“அதை எதுக்கும்மா திரும்பத் தூக்கிட்டு வந்தீக?”

“ஓகோ. உமக்கும் இதுல பங்கு உண்டோ?”

தவசி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இந்தக் குண்டானை வாங்கிப்போன வீட்டில் புளிக்குழம்பு வைத்திருக்கிறார்கள். ஈயம் இல்லாத பித்தளை. பச்சைக் களிம்பு ஏறிக் குழம்பு விஷமாகி, வீட்டோடு வாந்தி. சின்னப்பிள்ளை ஒன்று பிழைத்ததே மாதா புண்ணியம். பாத்திரத்தில் பேர் வெட்டியிருந்ததால் யார் கொடுத்தது என்று ஒருத்தரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலமே விஷயம் கேள்விப்பட்டுச் செல்லத்தாய் ஓடிவந்து, ஈயம் போனதையெல்லாம் வீடு வீடாகத் திரும்ப வாங்கி, பதிலுக்கு மதினி அனுப்பியதென்று சொல்லித் தன் சீர்ப் பாத்திரங்களைக் கொடுத்திருக்கிறாள். போன வருஷம் சாக்கு வந்ததும் அதே மாதிரி மாற்றி வைத்திருக்கிறாள்.

“மதினி நல்ல மனசோடதான் குடுத்தாக, தெரிஞ்சா ஒடைஞ்சு போவாகன்னு சொன்னாகம்மா. சாமியாருக்குக்கூடத் தெரியாது. சனங்க இன்னைக்கும் உங்களைத்தான் வாழ்த்துது.”

சவரியாயிக்குக் குண்டான் கனத்தது. கீழே வைத்தாள்.

“இந்த வருசம் நான் குடுத்தது?”

“உள்ள சாக்கோட கெடக்கு. ‘என் சீர்ப் பாத்திரம் காலியாயிருச்சு அண்ணே. இந்த யுத்த காலத்துல ஈயம் பூசுற ஆளே அகப்படலை, தேடிக்கிட்டிருக்கேன். அதுவரைக்கும் யாருக்கும் குடுத்துராதீக’ன்னு சித்த முன்னாடிதான் சொல்லிட்டுப் போனாக.”

சவரியாயி வீட்டுக்கு எப்படி வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. பக்கத்து வீடுகளில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செல்லத்தாய் சொன்னபடி கேட்டிருந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டு சேலையையும் ஒரு செபமாலையையும் துண்டில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

சவரியாயி படியோரம் போய் நின்றாள்.

“உள்ள வா, செல்லத்தாய்.”

முடிச்சுப் போடுகிற கை நிற்கவில்லை.

“மதினி கூப்பிடுறேன்ல. உள்ள வந்துரும்மா.”