சூடு தாங்காத டயர்

“இருக்கிறதுலயே மட்டமான டயரு ஒண்ணு குடுங்க, அண்ணாச்சி.”

ஜெபதுரை குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். அருப்புக்கோட்டையில் இருபது வருஷமாக டயர்க் கடை வைத்திருக்கிறார். நல்லது கேட்டவன் உண்டு, மலிவு கேட்டவன் உண்டு. மட்டமானதுதான் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்ட மகராசனை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

வந்தவனுக்கு நாற்பது வயதிருக்கும். யூரியாச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றான். மூன்று நாளாக விடாத மழை. வருஷம் பூரா வானத்தைப் பார்த்துக் கையேந்துகிற சீமைக்கு, அந்தத் தொண்ணூற்றாறு கார்த்திகையில் மொத்தமாகப் படியளந்து மானத்தை வாங்கியது வானம்.

“உள்ள வாருமய்யா. நனையுறீரே.”

“இருக்கட்டும் அண்ணாச்சி, இங்கயே நிக்கிறேன். பரளச்சிலருந்து வாரேன். பேரு கருத்தப்பாண்டி. அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பணும்.”

“பஸ்ஸு எங்கயும் போகாது. டயரு வாங்க வந்தவரு மொதல்ல டயரப் படிக்கத் தெரிஞ்சுக்கிடணும்.”

வியாபாரத்தைவிட ஜெபதுரைக்குப் பிடித்த வேலை இது. மதுரையில் ஒரு கம்பெனிக்காரன் டயர் வியாபாரிகளைக் கூட்டி ஒருநாள் வகுப்பு நடத்தி, பிரியாணியும் போட்டு அனுப்பியிருந்தான். பிரியாணி அன்றைக்கே செரித்துவிட்டது. பாடம்தான் இன்னும் செரிக்காமல், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஏப்பமாக வந்துகொண்டிருந்தது.

வெளிநாட்டுப் பழைய டயர் ஒன்றை வாசலுக்கு உருட்டி வந்து, பக்கவாட்டில் புடைத்திருந்த எழுத்துகளை விரலால் தடவிக் காட்டினார்.

“இதுதான் டயரோட மார்க் ஷீட்டு. மூணு பாடம். மொதப் பாடம் தேய்மானம். அதுக்கு நம்பரு. நூறு வாங்குனதவிட எரநூறு வாங்குனது ரெண்டு மடங்கு ஒழைக்கும். ரெண்டாவது, ஈர ரோட்டுல பிரேக்கு போட்டா வழுக்காம நிக்கிறது. மூணாவது, சூடு தாங்குறது. இது ரெண்டுக்கும் எழுத்து. ஏ-ன்னா மொத ரேங்கு, பி-ன்னா நடுத்தரம், சி-ன்னா தட்டுத்தடுமாறிக் கரையேறுனது. வெளங்குச்சா?”

கருத்தப்பாண்டி கொஞ்சம் யோசித்தான்.

“சூட்டுல சி வாங்குனது இருக்கா, அண்ணாச்சி?”

“ஏய்யா, தேய்மானம் எம்புட்டுன்னு கேக்க மாட்டீரா?”

“அது எதுக்கு? ஒரே ஒரு தடவைக்குத்தான்.”

“பிரேக்கு?”

“அதுவும் வேணாம். சூடு தாங்காம இருந்தாப் போதும்.”

ஜெபதுரையின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. மூன்றாவது பாடத்தை அவர் பிரியாணிக்காகப் படிக்கவில்லை. எழுத்தைப் பார்க்கத் தெரியாத காலத்தில், ஒரு சித்திரை மத்தியானம், அவர் விற்ற பழைய டயர் பாலவனத்தம் பக்கம் வெடித்தது. காரை ஓட்டிய இம்மானுவேல் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்கு வருகிறான், ஒற்றைக் காலோடு. “ஸ்தோத்திரம்ணே” என்று சிரிக்கவும் செய்கிறான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் ஜெபதுரை கடைசி வரிசைக்கு மாறினார். அன்றிலிருந்து சூட்டில் சி வாங்கிய டயரெல்லாம் கடையின் மூலையில் கிடக்கிறது. யாருக்கும் கொடுப்பதில்லை.

“யாருக்குய்யா இது?” குரல் கடுத்திருந்தது.

“எங்க வீட்டுல. முத்துப்பேச்சிக்கு.”

“எம்புட்டுத் தூரம்?”

“பக்கந்தான். ஊருக்குத் தெக்க ஒரு மைலு இருக்கும்.”

“நீரும் கூடப் போவீருல்ல?”

“போவேன். அவள விட்டுட்டு வந்துருவேன்.”

ஜெபதுரைக்குச் சுள்ளென்று ஏறியது. “அப்பிடிச் சொல்லும்! பொண்டாட்டிய மட்டமான டயருல ஏத்தி அனுப்புவீரு, நீரு சொகமா நடந்து வருவீரு. ஒரு மைலுன்னா வெடிக்காதா? ஒருத்தன் காலு போறதுக்கு மைல்கல்ல எண்ணிக்கிட்டா இருக்கும்?”

“அவளுக்கு ஒண்ணும் ஆகாது, அண்ணாச்சி.”

“எல்லாப் பயலும் இதத்தான்யா சொல்றான்! நானும் சொல்லித்தான் வித்தேன்!”

கருத்தப்பாண்டி கடையின் மூலையைப் பார்த்தான். சாக்கிலிருந்து சொட்டிய தண்ணீர் அவன் காலடியில் குட்டையாகத் தேங்கியிருந்தது. “அந்தா மூலையில கெடக்குல்ல அண்ணாச்சி, அதுல ஒண்ணு…” என்று கை நீட்டினான். மற்றக் கையில் நனைந்த நோட்டுகள் இரண்டைப் பொத்தி வைத்திருந்தான்.

அந்த நோட்டுகளைப் பார்த்ததும் ஜெபதுரையின் கோபம் இறங்கிவிட்டது. வறுமை மனுஷனை என்னவெல்லாம் கேட்க வைக்கிறது என்று நினைத்துக்கொண்டார். உள்ளே போய், இரண்டு எழுத்தும் ஏ வாங்கிய டயர் ஒன்றைத் துடைத்து உருட்டி வந்து அவன் முன்னால் நிறுத்தினார். வியாபாரியாக அவர் உருப்படாமல் போனதற்கு இந்த மாதிரிக் காரியங்கள்தான் காரணம் என்று அவர் மனைவி பியூலா சொல்வதுண்டு.

“இந்தாரும். ஒரு பைசா வேணாம். கொண்டு போயி மாட்டும். ஒம்ம முத்துப்பேச்சி உசுரோட வீடு வந்து சேரட்டும்.”

கருத்தப்பாண்டி அந்த டயரைத் தொடவில்லை. சாக்கின் நுனியை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“அவ உசுரு போயி ஒரு நா ஆச்சு, அண்ணாச்சி. சுடுகாட்டுல அடுக்குன வெறகு பூரா ஈரம், எம்புட்டு மண்ணெண்ண ஊத்துனாலும் பத்த மாட்டேங்குது… டயரு வச்சாத்தான் வேகும்ங்காக.”