முதல் ஆள்

"தோள்பட்டை போன பௌலரைப் போய் முதல் ஆளா எடுத்திருக்கானுங்களே, கண்ணு அவிஞ்சா போச்சு?"

கிடங்கின் சாப்பாட்டு அறையில் கத்திக்கொண்டிருந்தான் கமென்ட்ரி. மூச்சுவிடாமல் பேசுகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

புது சீசனுக்கு கிரிக்கெட் அணிகள் முறை வைத்து ஆள் எடுத்தன. முதல் வாய்ப்பு கிடைத்தும் அவனுக்குப் பிடித்த அணி கோட்டைவிட்டிருந்தது.

"பாவம்னு எடுத்திருப்பாங்கண்ணே," என்றான் கூட வேலை பார்க்கும், லேபிள் பிரிவு சூப்பர்வைசரின் தம்பி.

"பாவம்னா வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடட்டும். டீம்ல எதுக்கு? நொண்டிக் குதிரை மேல எவனாவது பணம் கட்டுவானா?"

பேசிக்கொண்டே தண்ணீர் டம்ளரை இடது கையால் எடுத்தான். மூன்று மாதமாக வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் யாரிடமும் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவன் வாயைத் திறக்காத விஷயம் அது ஒன்றுதான்.

மணி அடித்தது. லேபிள் பிரிவு, மூட்டைப் பிரிவு சூப்பர்வைசர்கள் இருவரும் வந்தார்கள்.

கமென்ட்ரி வேலை பார்த்த பிரிவை மூடியாகிவிட்டது. மிச்சம் மூன்று பேர்: கமென்ட்ரி, தம்பி, பேக்கிங் பார்க்கும் பெரியவர். லேபிள் பிரிவில் ஓர் இடம், மூட்டை இறக்கும் பிரிவில் ஓர் இடம். மூன்றாவது ஆள் வீட்டுக்கு.

கமென்ட்ரி கணக்குப் போட்டான். லேபிள் பிரிவுக்குச் சூப்பர்வைசரின் தம்பி இருக்கிறான். இந்த மலை மாதிரி உடம்பை மூட்டைக்காரர் விடமாட்டார். முதல் மூட்டையிலேயே குட்டு உடைந்துவிடும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவான்?

நாணயம் சுண்டினார்கள். முதல் வாய்ப்பு லேபிள் சூப்பர்வைசருக்கு.

"கமென்ட்ரி," என்றார்.

அறையே வாயைப் பிளந்தது.

"யோவ், ஸ்டிக்கர் ஒட்ட இந்த யானை எதுக்கு? இவன் எனக்குன்னு நெனச்சிருந்தேன்!" என்று அலுத்துக்கொண்ட மூட்டைக்காரர், தம்பியைவிட, முன்பு மூட்டை தூக்கிப் பழகிய பெரியவரே மேல் என்று அவரைக் கைகாட்டினார்.

"முதல் வாய்ப்பை இப்படியா வீணாக்குவாரு?" பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

தம்பி லாக்கரைத் திறந்து சட்டையையும் செருப்பையும் பையில் போட ஆரம்பித்தான். அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

கமென்ட்ரிக்குப் போன உயிர் வந்தது. உயிர் வந்ததும் வாயும் வந்தது.

"பார்த்தீங்களா? ஆளோட அருமை தெரிஞ்ச மனுஷன்! திறமையைப் பார்த்துத்தானே சார் என்னை எடுத்தீங்க?"

சூப்பர்வைசர் தம்பியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கமென்ட்ரியிடம் சொன்னார்:

"மூணு மாசமா நீ இடது கையால தண்ணி குடிக்கிறதைப் பார்த்துத்தான்யா எடுத்தேன். அவனுக்கு ரெண்டு கையும் நல்லா இருக்கு, எங்கயாவது பொழைச்சுக்குவான்."