மூன்றாவது கவை

பல் டாக்டர் பஞ்சைப் பிரித்ததும், உள்ளே கிடந்ததைப் பார்த்து அவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வேரோடு பிடுங்கிப் போட்டதுபோல், இரண்டு துண்டாக, ஓரத்தில் பச்சை பூத்துக் கிடந்தது.

"எத்தனாவது, டாக்டர்?"

"மூணாவது. அதே இடம்தான். இடது பக்கம்."

டாக்டர் வந்திருந்தது அவனுடைய பட்டறைக்கு. பஞ்சுக்குள் கிடந்தது அவருடைய சின்னப் படகின் துடுப்புக் கவை. துடுப்பு நழுவாமல் தாங்கிப் பிடிக்கும், உள்ளங்கை அகல வெண்கலத் துண்டு. அதை வார்த்தவன் அவன். குமட்டலுக்குக் காரணமே அதுதான்.

"நடு ஏரியில இடது துடுப்பு கையோட வந்துருச்சு தம்பி. வலது துடுப்பை மட்டும் போட்டா படகு செக்கு மாடு மாதிரி சுத்துது. இடுப்பளவு தண்ணியா இருக்கப் போய் இறங்கித் தள்ளிட்டு வந்தேன். கரையில நின்னு என் பேஷன்ட்டுங்க கை தட்டறாங்க. அன்னிக்கு ஒருத்தருக்குக்கூட பல்வலி இல்லை."

அவன் உலையில் கரி அள்ளிப் போட்டான்.

"நான் அடைச்ச பல்லு பத்து வருஷம் நிக்குது. நீங்க வார்த்த வெண்கலம் பத்து நாள் நிக்க மாட்டேங்குதே" என்று சிரித்தார் டாக்டர். கிராம்புத் தைல வாடையோடு வந்த அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவனுக்கு இன்னும் அருவருப்பாகிவிட்டது. அவர்மேல் பாதி, தன்மேல் பாதி.

படகுத்துறை முழுக்க விஷயம் பரவிவிட்டது. போன வாரம் மட்டும் இரண்டு படகுக்காரர்கள் "அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, எதிர்க்கரைப் பட்டறையில் போய் நின்றார்கள். இப்படியே போனால் உலையை அணைத்துவிட்டு ஈ ஓட்ட வேண்டியதுதான். ஈக்களாவது வருமா என்பது சந்தேகம்.

மூலையில் பாலிஷ் சக்கரத்தின் முன்னால் அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வார்ப்பது அவன். அரம் போட்டு, மெருகேற்றி, துணியில் சுற்றிக் கொடுப்பது அவள். நாற்பது வயதாகிறது. யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால் சக்கரத்தைக் கொஞ்சம் வேகமாகச் சுழலவிடுவாள், பேச்சு காதில் விழாது.

"டாக்டருக்கு டீ போடட்டுமாடா?" என்றாள் திரும்பாமலே.

"அது ஒண்ணுதான் குறைச்சல்" என்று முனகினான் அவன்.

"வேணாங்க. ஒரு விஷயம் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார் டாக்டர். "படகை ஒருத்தர் கேட்கறார். கொடுத்துடலாம்னு இருக்கேன். இனிமே உங்க ரெண்டு பேருக்கும் என்னால தொந்தரவு இருக்காது."

சக்கரம் நின்றது.

படகு போனால், 'இவன் வார்த்த கவையால்தான் போச்சு' என்ற பேச்சு மட்டும் ஏரியில் மிதந்துகொண்டே இருக்கும். முதல் இரண்டு கவைகளையும் பார்க்கச் சகிக்காமல் அப்படியே உருக்கும் சட்டியில் எறிந்திருந்தான். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு துண்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

முறிந்த இடத்தில் பாதி மணல்மணலாக இருந்தது. வெண்கலம் தானாக முறிந்தால் அப்படித்தான் இருக்கும். மறுபாதி வழுவழுவென்று, மயிரிழைக் கோடுகளோடு பளபளத்தது. ஓரத்தை நகத்தால் சுரண்டினான். மெழுகு வந்தது. வெண்கலத் தூளைக் குழைத்து அடைத்த மெழுகு.

"இது தானா உடையலை. பாதி வரைக்கும் ரம்பம் போட்டு அறுத்து, வெளியில தெரியாம அடைச்சிருக்கு."

டாக்டர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு குனிந்தார். "அட, ஆமா. ரொம்ப நல்லா அடைச்சிருக்காங்க."

அந்தப் பாராட்டில்தான் அவனுக்கு எல்லாம் விளங்கியது. இத்தனை மெல்லிய ரம்பம் யாரிடம் இருக்கும்? ஓட்டை தெரியாமல் அடைப்பது யாருடைய பிழைப்பு? தனிக்கட்டை மனிதர், உடைந்த கவையைக் கொடுக்க வரும்போதெல்லாம் எதற்கு இஸ்திரி போட்ட சட்டை?

"சீ" என்று துண்டுகளை மேஜைமேல் போட்டான். "படிச்சவர் செய்யற வேலையா டாக்டர் இது? உங்க கிளினிக்குக்கு அடுத்த கட்டடத்துலயே ஒரு பட்டறை இருக்கு. அதை விட்டுட்டு ஏரியைச் சுத்திக்கிட்டு இங்க வர்றப்பவே நான் யோசிச்சிருக்கணும். எங்க அக்காவைப் பார்க்கணும்னா நேரா வந்து பார்க்க வேண்டியதுதானே. கவையை அறுத்துவிட்டா உடையும், உடைஞ்சா அந்தச் சாக்குல பார்த்துக்கலாம்னு, என் தொழிலையே நாறடிச்சிட்டீங்களே."

டாக்டருக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். அக்காவின் முதுகைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"பார்க்கத்தான் வந்தேன் தம்பி. அதை நான் மறைக்கலை" என்றார் மெதுவாக. "ஊர்ல எல்லார் வாயையும் திறக்கச் சொல்றேன். இங்க வந்து நின்னா என் வாய் திறக்க மாட்டேங்குது. அதான் படகே வேணாம்னு முடிவு பண்ணேன். ஆனா சத்தியமா சொல்றேன், கவையை அறுத்துவிட்டா பார்த்துக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லை."

அப்புறம் மூலையிலிருந்து, திரும்பாமலே, அக்கா சொன்னாள்.

"எனக்குத் தோணுச்சு."