நாலரை மணி டைமர்

“வீட்டைச் சூடாக்குற ஒரு ஹீட் பம்புக்கு இவ்வளவு கரண்ட் பில்லா? குறையவே மாட்டேங்குதே! குளிர்னாலே நடுங்குவா என் பொண்டாட்டி. அவ பார்த்த வேலையாத்தான் இருக்கும்,” என்று பொரிந்து தள்ளினார் ஓய்வுபெற்ற வாத்தியார்.

மெக்கானிக் பட்டன்களைத் தட்டிப் பார்த்தான். “அம்மா கிச்சன்ல சூட்டை அணைச்சேதான் வச்சிருக்காங்க சார். பாத்ரூமுக்கு மட்டும் தினமும் காலைல நாலரைக்கு டைமர் போட்டிருக்காங்க. அஞ்சு மணிக்கெல்லாம் ரூம் சூடாயிடும். அவ்வளவு சீக்கிரம் யாரு குளிப்பாங்க?”

“நான்தான்.” வாத்தியாரின் குரல் இறங்கியது.

“அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அந்த டைமரை எடுத்துட்டா பில் குறைஞ்சிடும்.”

“அவ தவறிப்போய் மூணு மாசம் ஆச்சு தம்பி.”

மெக்கானிக்கின் விரல் பட்டன் மேலேயே நின்றது. “அப்ப... எடுத்துடவா சார்?”

வாத்தியார் அவன் கையை மெல்ல விலக்கினார்.

“வேண்டாம்ப்பா. பில் வரட்டும்.”