அந்தரத்தில் ஒரு கூண்டு

“முதல்ல என் பொண்ணைக் கீழே இறக்கு. மத்ததெல்லாம் அப்புறம்!”

துறைமுகக் காவலாளி தலையைச் சொறிந்தான். எதிரே நின்று கத்தியவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவான். அவள் கணவரும் அவனும் ஒரே கிரேனை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். காற்றடித்த ஒரு நாளில் அதன் ஏணியில் கால் வழுக்கி விழுந்து இறந்துபோனார் அவள் கணவர்.

“அண்ணி, நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். கிரேன் ஓட்டுற வேலைன்னு போன்ல சொன்னா. அப்பவே போனை வச்சுட்டேன். இன்னும் அவகூடப் பேச்சில்ல.”

இரண்டு கைகளையும் அவன் முன்னால் விரித்துக் காட்டினாள்.

“ஆஸ்பத்திரிப் போர்வை துவைச்சே என் கை வெந்து போச்சு. இன்ஜினியரிங் பத்தாதுன்னு அதுக்கு மேலயும் படிக்க வச்சேன். எதுக்கு? அப்பன் விழுந்த இடத்துல ஏறவா? அவருக்கு எட்டாங்கிளாஸே போதுமா இருந்துச்சே!”

“அந்தக் காலம் மலையேறிப் போச்சு அண்ணி. அப்போ உடம்புல தெம்பு இருந்தா போதும். இப்போ பட்டம் இல்லாம அந்த நாற்காலியைத் தொடவே முடியாது. என்னைப் பாருங்க, கேட் காவலுக்குத் தள்ளிட்டாங்க. பாதிப் பேரு வீட்டுக்கே போயாச்சு.”

அன்று ஊழியர்களின் குடும்பத்தார் உள்ளே வந்து பார்க்க அனுமதி இருந்தது. அவள் தலையில் ஹெல்மெட்டை மாட்டி அழைத்துப் போனான்.

வீடு போல ஓர் இரும்புப் பெட்டி கப்பலிலிருந்து எழும்பியது. காற்று அவளையே தள்ளியது. பெட்டியோ ஆடவில்லை, அசையவில்லை. அந்தரத்தில் மிதந்து வந்து, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற பக்குவத்தோடு லாரியில் உட்கார்ந்தது.

அவள் ஹெல்மெட்டை நிமிர்த்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

“இதை... என் பொண்ணா செய்யுது?”

“பின்னே? அண்ணனுக்குக்கூட இந்தக் கை வராது.”

பெருமை நெஞ்சை நிறைத்தது. மறுகணமே காற்று சீறியது. உச்சியில் கண்ணாடிக் கூண்டு அதிர்வதுபோல் தெரிந்தது. அவ்வளவுதான். செருப்பை உதறினாள். அவன் பிடிப்பதற்குள் ஏணியைப் பற்றி விறுவிறுவென்று ஏறத் தொடங்கினாள்.

சைரன் அலறியது. கிரேன் அப்படியே நின்றது.

“அம்மா! ஏறாதேம்மா!”

குரல் மேலேயிருந்து வரவில்லை. பின்னாலிருந்த கட்டடத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு மகள் ஓடிவந்தாள்.

ஏணியைக் கட்டிக்கொண்டபடியே அம்மா திரும்பினாள். “நீ இங்கே இருந்தா, மேல யாருடி ஓட்டுறது?”

கேட்டுக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். கூண்டுக்குள் வானம் மட்டும்தான் தெரிந்தது.

“யாரும் இல்லம்மா. ரூம்ல உட்கார்ந்தே ஓட்டுற மாதிரி நாங்க மாத்திட்டோம்” என்றாள் மகள். “அப்பா மாதிரி இன்னொருத்தர் அங்கே ஏறவே கூடாதுன்னுதானே நான் படிச்சதே!”