கூட்ஸ் வண்டிக்கு மாற்றுப் பாதை

"தேவேந்திரன் சார், இன்னிக்கும் உங்க கூட்ஸ் எங்க வீட்டுப் பின்னாடிதான் நிக்குது. நாப்பத்தெட்டு வேகன். எண்ணிட்டேன்."

"லோக்கல் டிரெயின் நேரம்ங்கய்யா. ஆபீஸ் விட்டு ஜனங்க வீடு போய்ச் சேரணும். ஏழு லோக்கல் போனாத்தான் கூட்ஸுக்கு வழி." சென்னை ரயில்வே கட்டுப்பாட்டு அறையிலிருந்து தேவேந்திரன் சலிக்காமல் சொன்னார்.

"நிக்கட்டும். ஹாரன் எதுக்கு? காதே போச்சு."

"டிரைவர்கிட்ட சொல்றேன். காபி குடிச்சீங்களா?"

"இந்த இரைச்சல்ல எங்க குடிக்கிறது?" என்று பழனியாண்டி ஃபோனை வைத்தார்.

அதன்பிறகு வீட்டில் மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. அந்த வீடு அந்தமானில், போர்ட் பிளேரின் கராச்சர்மா பகுதியில் இருந்தது. அங்கிருந்து மிக அருகிலுள்ள தண்டவாளத்துக்கே கப்பலில் மூன்று நாள் போக வேண்டும்.

வடசென்னையில் ரயில் பாதையை ஒட்டி முப்பது வருஷம் குடியிருந்தவர் அவர்; கூட்ஸ் பற்றிப் புகார் சொல்லும் நம்பர் அப்போதே மனப்பாடம். மனைவி போனபின் மகன் இங்கே அழைத்து வந்துவிட்டான். மகனும் மருமகளும் வேலை முடிந்து வர ஏழு மணியாகும். அக்கம்பக்கமெல்லாம் இந்தி. அவருக்குத் தெரிந்த இந்தி 'அச்சா' ஒன்றுதான். கேட்டதற்கெல்லாம் அதையே சொல்லி ஒரு வருஷம் ஓட்டியதில், பக்கத்து வீட்டு ஆடுகள் இரண்டு இவர் கொல்லையில் குடியேறியிருந்தன.

ஆறு மணி ஃபோன்தான் நாளின் ஒரே பேச்சு. தீவில் இருப்பதை மட்டும் தேவேந்திரனிடம் அவர் மூச்சு விடவில்லை.

"மெயின்லேண்ட்ல இருக்கற ரயில்வேக்காரங்ககிட்ட எதுக்கு மாமா தினம் சண்ட?" என்றாள், ஒரு நாள் லீவில் வீட்டிலிருந்த மருமகள் உமா மகேஸ்வரி. "இல்லாத வண்டிக்குப் புகார்னு தெரிஞ்சா, உங்க நம்பரையே பிளாக் பண்ணிடுவாங்க."

"அவருக்குத் தெரியாதும்மா. வேகனெல்லாம் கரெக்டா எண்ணித்தான் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு இவர் கூப்பிட்டதும் தேவேந்திரன் முந்திக்கொண்டார்.

"ஐயா, நல்ல சேதி. புது லைன் போட்டாச்சு. நாளையிலேர்ந்து கூட்ஸ் எல்லாம் ஊருக்கு வெளிய சுத்திப் போயிடும்."

பழனியாண்டி ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "எல்லாமா?"

"எல்லாம்."

"ராத்திரியில, ஒண்ணு ரெண்டு?"

"இல்லைங்கய்யா."

"லோக்கல்கூட சத்தம் கொஞ்சம் ஜாஸ்திதான் சார்."

"அதுக்குப் புகார் வாங்கறது வேற ஆபீஸ். நான் கூட்ஸ் மட்டும்தான்."

"அப்ப சரி. சந்தோஷம்," என்றார் பழனியாண்டி. ஃபோனை வைக்க மட்டும் கை வரவில்லை.

மறுமுனையில் தேவேந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு சின்ன சிக்கல்ங்கய்யா. ஒரே ஒரு கூட்ஸை மட்டும் நாளையிலேர்ந்து, உங்க ஃபோன் நம்பர் காட்டற கராச்சர்மா வழியா விட்டிருக்கேன். ஹாரன் தொந்தரவு இருந்தா, வழக்கம்போல ஆறு மணிக்குக் கூப்பிட்டுச் சொல்லிடுங்க."